ததேயுஸ் அண்ணன் அளக்காத வீடு

ததேயுஸ் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில்.

வெளியூர் நண்பர்களுக்கு ஒரு வரி... எங்கள் குமரி மாவட்டத்தில் ஒருவரைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள் என்றால், யாரும் என்ன நோய் என்று கேட்பதில்லை. புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கேதான். குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

பள்ளி பள்ளியாகப் போகும் அறிவியல் வண்டியில் எங்கள் இருவருக்கும் வேலை. ஓட்டுவது அவர். செய்முறை காட்டுவதிலும் பாதி அவர்தான். அறிவியல் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார் செய்வது என் பொறுப்பு.

வண்டியில் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்தது கதிர்வீச்சு அளக்கும் மீட்டர். கையடக்கமான மஞ்சள் பெட்டி. கதிர்வீச்சு உள்ள பொருளின் அருகே கொண்டுபோனால் டிக்... டிக்... பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் பல்லி.

வீட்டிலிருந்து ஏதாவது கொண்டு வாருங்கள், அளந்து பார்க்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவோம். மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளியில் ரப்பர் ஷீட் வந்தது, நேந்திரம்பழம் வந்தது. ஒருவன் தாத்தாவின் பழைய கைக்கடிகாரத்தைக் கொண்டுவந்தான், முள் இருட்டில் ஒளிரும் வகை. கடிகாரம் ஓடவில்லை. பல்லி மட்டும் விடாமல் சொன்னது.

"லேய், உங்க தாத்தா கொள்ளாமே. செத்த வாச்சையும் பேச வச்சிட்டாரு" என்றார் அண்ணன். வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

கடற்கரைப் பள்ளிகளில் பிள்ளைகள் மண் கொண்டுவருவார்கள்.

முட்டத்துக்குப் பக்கத்தில், அண்ணனின் சொந்த ஊர்ப் பள்ளி. பிஸ்கட் டின்னில், பாலித்தீன் கவரில், டிபன் பாக்ஸ் மூடியில்... கருமணல், இயற்கையிலேயே தோரியம் கலந்தது. அங்கே டிக் டிக் என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. சூடான எண்ணெயில் கடுகு விழுந்ததுபோல் ஒரே பொரிச்சல்.

பிள்ளைகள் தாங்களாகவே ஒரு போட்டி வைத்துக்கொண்டார்கள். யார் வீட்டு மண் அதிகம் சத்தம் போடுகிறதோ அவர்கள் பர்ஸ்ட்.

ஜெயித்தவன் கையைத் தூக்கிக்கொண்டு வகுப்பைச் சுற்றி ஓடினான். கடைசியாக வந்த சிறுமிக்கு அழுகை முட்டியது.

"நாளைக்கு எங்க அடுக்களை மண்ணு கொண்டு வாறேன் சார். அது இதைவிடக் கறுப்பாக்கும்."

அண்ணன் மீட்டரை நிறுத்திவிட்டார்.

திரும்பும் வழியில் டீக்கடையில் நானே பேச்சைத் தொடங்கினேன். இது இயற்கையில் உள்ள மண்தானே, இதற்கும் நோய்க்கும் என்ன தொடர்பு என்று ஆராய்ச்சி செய்கிறவர்களே அடித்துச் சொல்லவில்லையே என்று...

"தெரியும் மக்கா. மைக்கைப் பிடிச்சு அதைத்தானே நானும் சொல்லிட்டுத் திரியுதேன்."

டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்க வீட்டுத் தரைய நிரப்புனதே அந்த மண்ணுலதான். நானும் அப்பனுமா சுமந்தோம். நல்லா இறுகும், கேட்டியா."

அவர் மகள் ரெஜி. பத்தாம் வகுப்பு. அவளுக்குக் கீழே ஒரு சின்னத் தம்பி. மாவட்ட அறிவியல் போட்டிக்கு அவள் எடுத்த தலைப்பு, எங்கள் தெருவின் மண். மீட்டரோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

"ஏட்டி, என் வீட்டுக்கு எத்தன மார்க்கு?" என்று ஒரு பெண் வாசலில் நின்று கேட்டார்.

"உங்களுக்கு சென்டம், சித்தி."

போட்டி நாகர்கோவிலில். சார்ட்டில் தெருவின் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். நடுவில் ஒரு வீடு மட்டும் வெள்ளை.

நடுவர் அதன்மேல் விரலை வைத்தார். "இது?"

"எங்க வீடு சார். அப்பா விடல."

"அதையும் அளந்து முடிச்சுக் கொண்டு வாம்மா. மாநிலப் போட்டிக்கு அனுப்பலாம்."

அப்பா அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தார். கழுத்தைச் சுற்றித் துவர்த்துத் துண்டு. தொண்டைக் கட்டு என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பும்போது வண்டியில் சண்டை.

"ஊரு வீட்டையெல்லாம் அளக்க விட்டியளே. நம்ம வீட்டுக்கு மட்டும் என்னவாம்?"

"அளந்த பிறகும் அங்கனதான்ட்டி ஒறங்கணும்."

"அளக்காட்டாலும் அங்கனதானேப்பா ஒறங்குதோம்?"

அவர் கியரை மாற்றினார். ஜன்னல் வழியே உப்புக் காற்று.

மாநிலப் போட்டி ரெஜி இல்லாமல் முடிந்தது. அதற்குள் அண்ணனைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோயிருந்தார்கள்.

ஒருமுறை போய்ப் பார்த்தேன். பேச்சு வரவில்லை. கையால் ஸ்டியரிங் பிடிப்பதுபோல் காட்டி, புருவத்தை உயர்த்தினார். வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்கிறார்.

நன்றாக ஓடுகிறது என்றேன். பிறகு தரையைக் காட்டினார். உட்காரச் சொல்கிறார் என்று நினைத்து உட்கார்ந்தேன். தலையை அசைத்தார்... இல்லை என்று. மறுபடியும் தரை.

என்ன சொன்னார் என்று இன்றும் தெரியவில்லை.

காலையில் போன் செய்தது ரெஜிதான். அழவில்லை.

"சித்தப்பா, நாளைக்கு அடக்கத்துக்கு நம்ம வண்டியிலயா வருவிய?"

ஏன் என்று கேட்டேன்.

"மீட்டர் அதுலதானே இருக்கு."

"போட்டிதான் முடிஞ்சு போச்சே மக்கா..."

"போட்டிக்கு இல்ல. தம்பி தரையிலதான் ஒறங்குதான்."

யாரோ போனை வாங்கும் சத்தம். மைனி, அண்ணனின் மனைவி.

"கொண்டு வராத தம்பி. தெரிஞ்சுக்கிட்டு நாங்க எங்க போவோம்? வேற வீடா இருக்கு?"

பின்னால் ரெஜியின் குரல் கேட்டது. பிறகு போன் வைக்கப்பட்டுவிட்டது.

அடக்கம் நாளை மாலை, ஊர்க் கோயில் கல்லறைத் தோட்டத்தில். தெரிந்தவர்கள் வாருங்கள்.

போய் வாருங்கள், அண்ணே. நான் வண்டியில்தான் வருகிறேன். மீட்டரை இறக்கவில்லை.