சிரிக்காத நர்ஸம்மா

எங்கள் பகுதியின் கிராம சுகாதார நர்ஸ் பாஜிலா எதற்கும் சிரிக்கமாட்டார் என்று ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். டீக்கடையில் நான் போடும் மொக்கைக்கெல்லாம் வாய்விட்டுச் சிரிப்பார். ஒருவர் கும்பிடுவதையும் பயப்படுவதையும் பார்த்து மட்டும் சிரிக்கமாட்டார். சொந்த ஊர் உத்தமபாளையம். ஐந்து வேளை தொழுகிறவர். ஆனால் அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தால், "வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார். நான் முத்துராஜா, ஆம்புலன்ஸ் டிரைவர். எனக்குச் சாமியும் கிடையாது, பொறுமையும் கிடையாது. இவருடைய இந்தப் பணிவு எனக்கு எரிச்சலாகவே இருந்தது, போன ஆடி மாதம் வரைக்கும்.

அன்று காலையிலிருந்தே மழைமேகம் மூடி மேற்கே மலை தெரியவில்லை. அணையில் தண்ணீர் திறந்திருந்ததால் முல்லையாறு செந்நிறமாகப் பாலத்தை உரசிக்கொண்டு ஓடியது. அனுமந்தன்பட்டியைத் தாண்டி, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்புக்குள் பத்து வீடுகள் இருக்கின்றன. அதில் ஒரு வீட்டில் சிம்ரன் என்ற பெண் எட்டு மாதக் கர்ப்பிணி. நானும் பாஜிலாவும் போனபோது முகமும் காலும் வீங்கியிருந்தன. கண்ணுக்குள் மின்னுகிறது என்றாள். பிரஷர் பார்த்த பாஜிலா, நம்பாமல் இன்னொரு முறை பார்த்தார். பிறகு என்னைத் தனியே அழைத்தார்.

"அண்ணே, இவளுக்கு எப்ப வேணாலும் வலிப்பு வரும். வந்துச்சுன்னா ரெண்டு உசுரும் போயிரும்."

ஆஸ்பத்திரி எதிர்க்கரையில் இருக்கிறது. ஏழு மாதத்துக்குமேல் பிள்ளைத்தாய்ச்சி ஆற்றைத் தாண்டக் கூடாது என்பது அந்தத் தோப்பு வீடுகளின் வழக்கம். மாமியார் சந்தனம்மாள் வாசலை மறித்து நின்றார்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "ராக்கெட் விடுற காலத்துல ஆறு, குளம்னுக்கிட்டு! மருமகளக் கொல்லப் பாக்குறியா?" என்று கத்தினேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார். சிம்ரன் முனகுவது வெளியே கேட்டது.

கதவை உடைக்கலாம் என்றேன். பாஜிலா குறுக்கே வந்து நின்றார்.

"தேவதானப்பட்டியில வேலைக்குச் சேந்த புதுசு. கிரகணத்தன்னைக்கு வெளிய வரமாட்டேன்னு ஒரு பிள்ளத்தாச்சிப் பொண்ணு சொன்னா. நான் சிரிச்சுட்டேன். இப்பிடித்தான் கதவச் சாத்துனா. மறுநா தொறந்தப்ப அவ உசுரோட இல்ல. பேசாம இருங்கண்ணே."

சொல்லிவிட்டுக் கதவோரம் ஈரமண்ணிலேயே உட்கார்ந்தார். "ஆத்தா, எதுக்குப் பயப்படுறீகன்னு மட்டும் சொல்லுங்க."

ஒருவழியாக உள்ளேயிருந்து குரல் வந்தது. "எம் மக நெறமாசமா இந்தப் பாலத்துல போனவதான். திரும்பி வரல."

பாஜிலா கதவை இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். "தாண்டித்தான் ஆகணும்னா ஒங்க ஆளுக என்ன செய்வாக?" என்று கேட்டார்.

"வீட்டுல மூத்தவ முன்னால நடந்து போயி, ஆத்துக்கிட்டச் சொல்லிட்டு, எதிர்க்கரையில நின்னு கூப்புடணும். பொறவுதான் அவ வரலாம். எம் மகளக் கூட்டிப்போக அன்னைக்கு ஆஸ்பத்திரி வேன்ல வந்தவுக சிரிச்சாக. என்னைய நடக்க விடல."

"இன்னைக்கு நீங்க நடங்க. நாங்க காத்திருக்கோம்."

தாழ்ப்பாள் விலகியது.

பாஜிலா சிம்ரனுக்கு ஊசி போட்டு வண்டியில் ஏற்றினார். பாலத்து முனையில் இன்ஜினை அணைக்காமல் நிறுத்தினேன். சந்தனம்மாள் நடந்தார். முழங்கால் வலிக்காரர், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துத்தான் போக முடிந்தது. நடுப்பாலத்தில் நின்று, குனிந்து, தண்ணீரிடம் ஏதோ சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தார்.

"வாயோரம் துடிக்குது," என்றார் பின்னாலிருந்து பாஜிலா.

"போயிரவா?"

"அவுக கூப்புடட்டும்."

இவள் செத்தால் நீதான் காரணம் என்று மனதுக்குள் அவரைத் திட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். அவர் சிம்ரனின் கையைப் பிடித்தபடி அழுதுகொண்டிருந்தார்.

எதிர்க்கரையை அடைந்த சந்தனம்மாள் திரும்பி நின்று, முந்தானையை வீசி, "வாடி எம் மகளே!" என்று கூப்பிட்டார். பாலத்தை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது வலிப்பு வந்துவிட்டது. பாஜிலா முன்பே போனில் சொல்லியிருந்ததால் டாக்டர்கள் தயாராக நின்றார்கள். சாயங்காலத்துக்குள் ஒன்றரைக் கிலோவில் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்த சந்தனம்மாளிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"தோப்புல இன்னும் மூணு பேரு மாசமா இருக்காளுக தம்பி," என்றார். "நர்ஸம்மா இல்லாம நீ மட்டும் வந்தா ஒருத்தியும் கதவத் தொறக்க மாட்டா. செத்தாலும் தொறக்க மாட்டா."

அந்த மூன்று பேரும் யார் யார் என்று கேட்டேன். "அத நர்ஸம்மாகிட்டச் சொல்லிக்கிறேன்," என்றார்.