ஒரு சாண் மட்கார்டு

காலை ஆறு பத்து. தார்ப்பாயை இழுத்ததும் முதலில் கண்ணில் பட்டது வண்டி இல்லை, முன் மட்கார்டில் இருந்த வெட்டு. சக்கரத்தை மூட வேண்டிய தகடு ஒரு சாண் நீளத்தோடு நின்றுபோயிருந்தது. விளிம்பு பல் பல்லாக இருந்தது. தகரக் கத்தரியால் வெட்டி, அரம் போடாமல் விட்ட விளிம்பு. பின் மட்கார்டும் அப்படித்தான்.

"பாத்தியா உங்கப்பா செஞ்ச வேலைய," என்றாள் அம்மா. கையில் காபி டம்ளர் இருந்தது.

ஐம்பது சிசி மினி பைக். கியர் கிடையாது. அப்பா கோவில்பட்டிக்கும் புதூருக்கும் நடுவிலுள்ள ஒரு கிராமத்தில் பள்ளிக்கூட வாத்தியார். வேலையில் இருந்தவரை அதில்தான் போய்வந்தார். ஓய்வு பெற்றதும் வண்டி ஷெட்டுக்குள் போனது. மூன்று வருடம் முன்பு அப்பா இறந்தார். அந்தக் கிராமத்தில் அவர் வாங்கிய மூன்று ஏக்கர் கரிசல் அம்மா பேரில் இருக்கிறது.

அந்த நிலத்தைத்தான் சோலார் கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். சுற்றிலும் பல பேர் கொடுத்துவிட்டார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணனுக்கும் கொடுத்துவிடலாம் என்றே எண்ணம். மினி பஸ் தார் ரோட்டோடு நின்றுவிடும். அதற்குமேல் கரிசல் மண்ணில் மாட்டுவண்டிப் பாதை. அம்மாவுக்கு மூட்டுவலி வந்தபிறகு அந்தப் பாதையை நடந்து கடக்க முடியவில்லை.

"போக முடியாத நெலத்த வச்சு என்னம்மா செய்யப் போற?" என்று அண்ணன் போனில் கேட்டான்.

"போக முடிஞ்சா?"

"ஐப்பசி விதைப்புக்கு நீயா போய் நீயா வந்துரு. பெறகு நான் வாயத் தெறக்க மாட்டேன்."

புது ஸ்கூட்டர் ஒன்றில் உட்கார்ந்து பார்த்தாள். கால் தரையில் எட்டவில்லை. மினி பைக்கில் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் பதிந்தன. ஒரு காலத்தில் சந்தைக்கும் ரேஷன் கடைக்கும் அவள் ஓட்டிய வண்டிதான். நான் மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வார விடுமுறைகளை அந்த வண்டிக்குக் கொடுத்தேன்.

எட்டயபுரம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்தார். மட்கார்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இத யாரு அக்கா, எலி கடிச்ச தோச மாரி அறுத்து வச்சிருக்கது?"

"எங்க வீட்டு சார்வாள்தான். எதுக்கு அறுத்தியன்னு கேட்டுக் கேட்டு என் தொண்டத் தண்ணி வத்திட்டு. அது அப்படித்தான் இருக்கணும்பாவ. வேற பதில் கெடையாது."

மழை நாளில் அந்த வண்டியின் பின்னால் உட்கார்ந்தால் பிடரிவரை சேறு தெறிக்கும். ஒரு கல்யாணத்துக்குப் பட்டுச்சேலையில் போய் இறங்கிய அம்மா, பந்தி முடியும்வரை மண்டபத்துச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டே நின்றாள். அந்தக் கதையை மெக்கானிக்கிடமும் சொன்னாள். அவளுடைய ஒரே நிபந்தனை, இரண்டு சக்கரத்துக்கும் முழு மட்கார்டு.

இன்ஜினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து போர் போட்டார்கள், பிஸ்டன் மாற்றினார்கள். பாயிண்ட் செட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் வைத்தார்கள். கிக்கர் கம்பியை மூட்டுவலிக்காகக் கொஞ்சம் நீளமாக்கினார்கள். முன்னால் எல்இடி விளக்கு, பின்னால் தண்ணீர்க் கேன் வைக்க ஒரு கம்பிக்கூடை. வழுக்காமல் இருக்கட்டும் என்று டயரை ஒரு அளவு அகலமாகப் போட்டார் மெக்கானிக். மட்கார்டுதான் கிடைக்கவில்லை. மதுரையில் பழைய சாமான் கடைகளில் நான் அலைந்தேன். கடைசியில் வேறு வண்டியின் மட்கார்டுகள் இரண்டு கிடைத்தன. வளைத்து, துளையிட்டு, கரும்பச்சைப் பெயின்ட் அடித்துப் பொருத்தினார். முன் சக்கரத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு விரல்தான் போகும், பின்னால் இரண்டு.

"இப்பத்தான் வண்டி மாரி இருக்கு," என்றாள் அம்மா. அப்பா அறுத்த தகடுகளைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டுப் பேரீச்சம்பழம் வாங்கினாள்.

விதைப்பு நாளுக்கு முந்தின சாயங்காலம் தூறல் போட்டது. டிராக்டர்காரர் போன் செய்தார். நிலம் பதமாக இருக்கிறது, காலையில் வந்துவிடுங்கள் என்றார். அண்ணன் காரில் வந்திருந்தான். விடிந்ததும் அம்மா விதை உளுந்தைக் கம்பிக்கூடையில் கட்டிக்கொண்டு முன்னால் போனாள். நாங்கள் பின்னால் போய் தார் ரோடு முடியும் இடத்தில், டீக்கடை முன்பு காரை நிறுத்தினோம். அதற்கு மேல் கார் போகாது.

கரிசலில் மறைவு கிடையாது. அம்மாவின் சிவப்பு ஹெல்மெட் பாதையில் போய்க்கொண்டிருப்பது டீக்கடையிலிருந்து தெரிந்தது. பிறகு அது நின்றது.

"நின்னுட்டா," என்றான் அண்ணன்.

அம்மா இறங்கினாள். வண்டியைத் தள்ளினாள். நகரவில்லை. குனிந்து பார்த்தாள். நனைந்த கரிசல் செருப்பில் ஒட்டினாலே ஆள் இரண்டு அங்குலம் உயர்வார். அது அகல டயரில் சுருண்டு ஏறி, அந்த ஒரு விரல் இடைவெளியில் போய் இறுகி, முன் சக்கரத்தைப் பூட்டிவிட்டது. நடந்தது இதுதான் என்று எனக்கு அப்போது தெரியாது. அவ்வளவு தூரத்தில் தெளிவாகத் தெரிந்தது ஹெல்மெட்டும் அதன் அசைவும் மட்டும்.

"நான் போய் கூட்டியாரட்டா?"

"நீ போனா அவ தோத்தா மாரி," என்றேன்.

"ஏட்டி, நான் என்ன பந்தயமா கட்டினேன்?"

"பின்ன?"

அவன் டீயைக் கீழே வைத்தான். ஹெல்மெட் தரையோடு தரையாக இறங்கியது. சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பானர் பை உண்டு. பிளக் கழற்றுவதற்காக மெக்கானிக் கொடுத்தது.

"என்ன செய்யுதா?"

"எதையோ கழட்டுதா."

வெகுநேரம் கழித்து அம்மா நிமிர்ந்தாள். நீளமாக எதையோ தூக்கிப் பாதையோரம் போட்டாள். கிக்கரை உதைத்தாள், மூன்று முறை. புகை தெரிந்தது. சிவப்புப் புள்ளி மறுபடி நகர்ந்தது. டிராக்டர் நின்ற இடத்தில் போய்ச் சேர்ந்தது.

அண்ணன் போனை எடுத்தான். சோலார் கம்பெனிக்கு நிலம் பிடித்துத் தரும் தரகரிடம் பேசினான். "இல்ல அண்ணாச்சி. அம்மா குடுக்க மாட்டாவ. ஆமா. இனிமேயும் இல்ல."

மதியம் அம்மா திரும்பி வந்தாள். முன் சக்கரம் மொட்டையாக இருந்தது. புடவை, ரவிக்கை, கண்ணாடி எல்லாம் கரிசல். டீக்கடைக்காரர் கேட்காமலே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"இதுக்குத்தான் அறுத்தாவளா," என்றாள், கண்ணாடியைக் கழுவிக்கொண்டே. "வாயத் தெறந்து சொல்லித் தொலச்சிருந்தா என்னவாம்? இத்தன வருசம் ஏசியிருக்க மாட்டேனே."

"சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?" என்றான் அண்ணன்.

அவள் யோசித்தாள். "பட்டுச்சேலைக்கு ஒத்துக்கிட மாட்டேன்," என்றாள்.

அன்றைக்கே மெக்கானிக்கிடம் போனோம். பின் மட்கார்டை எங்கே அறுக்க என்று கேட்டார். அளவு பார்க்கப் பழைய தகடு இல்லை. அம்மா தகட்டின்மேல் கையை விரித்து ஒரு சாண் காட்டினாள். அவர் அந்தக் கையின் இரண்டு முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டார்.

முன்னதையும் அறுத்துப் பொருத்திவிடலாம் என்று, மறுநாள் அதை எடுக்க நானும் அண்ணனும் போனோம். பாதையோரத்தில் மண்ணில் பதிந்த அதன் தடம் இருந்தது. மட்கார்டு இல்லை. யாரோ எடுத்துப் போயிருந்தார்கள்.