வெயில் காஞ்ச கை

எங்க வீட்டுக்காரருக்கு அப்ப பட்டாசுக் கம்பெனியில காயப்போடுற மேடையில வேலை. மருந்து வச்ச சாமானை வெயில்ல பரத்திக் காயவைக்கணும். காலையில ஏறினா சாயங்காலம்தான் இறக்கம். நிழல் கிடையாது. ஆமத்தூருக்கு சைக்கிள் மிதிச்சு வந்து சேர்றப்போ அவரும் காஞ்ச சாமான் மாதிரிதான் இருப்பார்.

எனக்கு வீட்டுலயே காகிதக் குழாய் சுத்துற வேலை. பசை காஞ்சு காஞ்சு என் உள்ளங்கை மரத்துப் போச்சு. அதனால பிள்ளைக்கு மேலு சுடுதான்னு தொட்டுப் பாக்கிறது அவர் பொறுப்பு.

தீபாவளி சீசன் அது. மகளுக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்தவ பையைப் போட்டுட்டுப் படுத்துட்டா. முறுக்கு வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்னா. முறுக்கை வேண்டாங்கிற பிள்ளை இல்லை அவ. கண்ணு பளபளன்னு இருந்தது. உதடு காஞ்சு கெடந்தது. போர்வை கேட்டா. வெளியே வெயில் இன்னும் இறங்கலை.

அவர் வந்தார். செருப்பைக்கூடக் கழட்டாம நெத்தியில கை வச்சார்.

"சில்லுன்னுல்ல இருக்கு. என்ன ஆத்தா, தீபாவளிக்கு முன்னாடியே லீவு போடப் பாக்கிறியா?"

அவ சிரிக்கலை. எனக்கு மனசு ஆறலை. ஆனா அவர் கை சொன்னா சரியாத்தான் இருக்கும்னு குழாயை எடுத்தேன். கொஞ்ச நேரத்துல பிள்ளை என்னமோ உளற ஆரம்பிச்சா.

நான் போட்ட சத்தத்துல எதிர்வீட்டு அக்கா ஓடிவந்தாங்க. அவர் தொட்டுப் பாத்துட்டுச் சில்லுன்னு இருக்குன்னாருன்னு சொன்னேன். பிள்ளை கழுத்துல வச்ச கையை வெடுக்குன்னு எடுத்தாங்க.

"ஏ தம்பி, கொதிக்குதே! இதையா சில்லுன்னு சொன்னீக?" அவர் கையைப் பிடிச்சுப் பாத்தாங்க. "இந்தக் கையே அனலா இருக்கே. நாளெல்லாம் கைய வெயில்ல காயப்போட்டுட்டு வந்து தொட்டா, அடுப்புல இருக்கிற இட்லிச் சட்டியும் ஒங்களுக்குச் சில்லுன்னுதான் இருக்கும்."

அவர் பிள்ளையைத் தூக்கித் தோள்ல போட்டார். விருதுநகர் பஸ்ஸைப் பிடிச்சோம்.

ஆஸ்பத்திரியில நர்சம்மா அக்குள்ல தெர்மாமீட்டர் வச்சு எடுத்தாங்க.

"நூத்தி மூணு. தொண்ணூத்தெட்டு சொச்சம்தான் இருக்கணும். இவ்வளவு நேரம் தொட்டுப் பாக்கலையா?"

அவர் கையைப் பின்னால மறைச்சுக்கிட்டார்.

ஊசி போட்டாங்க. ஈரத்துணி போட்டுக்கிட்டே இருந்தோம். விடியிறப்போ பிள்ளைக்கு வேர்த்துச்சு. இட்லி கேட்டா.

அதுல இருந்து அவர் வந்ததும் நேரா தொட்டிக்குப் போவார். கையைத் தண்ணியில முக்கிக்கிட்டே நிப்பார். துடைச்சு, கொஞ்சம் பொறுத்து, அவ கழுத்துல புறங்கையை வைப்பார். காய்ச்சல் இருக்கோ இல்லையோ, தினமும் அதுதான். சைக்கிள் மணி கேட்டதும் அவ சடையை ஒதுக்கிக் கழுத்தை நீட்டிக்கிட்டு நிப்பா.

"சுடுதாப்பா?"

"இல்ல ஆத்தா."

அதுக்கப்புறம்தான் எங்க வீட்டுல காப்பி.

இப்ப அவ குடும்பமா கோயம்புத்தூர்ல இருக்கா. அவர் வேலையை விட்டு நாளாச்சு. கையில அந்த வெயில் இல்லை.

போன மாசம் எனக்கு உடம்பு நடுங்கிக் குளிரடிச்சது. அந்த நேரம் அவ போன் பண்ணினா.

"அப்பா, நான் வாங்கிக் குடுத்த தெர்மாமீட்டரை அம்மா அக்குள்ல வச்சுப் பாத்துச் சொல்லுங்க."

அவர் போனை என் பக்கத்துல வச்சுட்டு எந்திரிச்சுப் போனார். தொட்டியில தண்ணிச் சத்தம் கேட்டது. துடைச்சுக்கிட்டு வந்து, பொறுத்து, என் கழுத்துல புறங்கையை வச்சார்.

"சுடுது."

"எம்புட்டுப்பா?"

"அன்னைக்கு ஒனக்கு இருந்தாப்புல."

"ஆட்டோ கூப்பிடுங்கப்பா"ன்னா.

அதுக்குள்ள அவர் செருப்பை மாட்டியிருந்தார்.