மருந்து அளக்கிற கட்டை

பட்டறைப் போர்மன் ஓர் அட்டைப்பெட்டியை என் லேத்துக்குப் பக்கத்தில் வைத்து, "என் அப்பாவுடையது" என்றார் பிரெஞ்சில். வேட்டைத் துவக்கின் வெற்றுத் தோட்டாக்களில் வெடிமருந்தும் ஈயச் சன்னமும் மறுபடி நிரப்புகிற பழைய இயந்திரம். உடம்பெல்லாம் துரு. சுருள்வில் ஒன்று இல்லை. மருந்தையும் சன்னத்தையும் அளந்து விழுத்துகிற இரட்டைத் துளைக் கட்டையும் இல்லை. வாத்து வேட்டை தொடங்க முன் வேண்டுமாம்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு மாத லீவு அவர் கையில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து மனைவி சென்னைக்கு வருவதாகவும் நான் அங்கே போவதாகவும் ஏற்பாடு. கலியாணம் முடித்து நாலு வருடம், சேர்ந்திருந்தது பதினெட்டு நாள். அவளை இங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் பத்திரம் எந்த மேசையில் தூங்கியதோ தெரியாது.

சாப்பாட்டு இடைவேளைகளில் துருவைத் தேய்த்தேன். ஞாயிற்றுக்கிழமை புறநகர் ரொக்ஸ்பரோ வரை போய், அதே இயந்திரம் வைத்திருந்த ஒருவரிடம் அளவெடுத்து வந்தேன். முதல் கட்டையில் மருந்துத் துளை மயிரளவு பெருத்துவிட்டது. குப்பையில் போட்டேன். இன்னொன்று செய்யத் தெம்பில்லை, ஆனாலும் செய்தேன்.

அந்தக் கிழமைதான் மனைவியோடு கதைத்தேன். ஊரில் சமாதானம் குலைந்த காலம். லைனை யார் கேட்கிறார்களோ என்ற பயத்தில் துவக்கு என்ற சொல்லையே நாங்கள் வாயில் எடுப்பதில்லை.

"என்னப்பா, குரல் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"மருந்து அளக்கிற விசயம். கொஞ்சம் கூடினாலும் உயிருக்கு ஆபத்து. அதுதான் யோசினை."

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு கிழமையா."

"உடம்பைப் பாருங்கோ," என்று வைத்தாள்.

கட்டை பொருந்தியது. போர்மன் கைபிடியை நாலு தரம் இழுத்துப் பார்த்தார். கண் கலங்கியது. அன்றே லீவுத் தாளில் கையெழுத்து வைத்தார். நான் வேலை முடிந்ததும் தொலைபேசி கார்ட் வாங்கி மனைவியை அழைத்தேன்.

"நீங்கள் வர வேண்டாம்," என்றாள். "நான் என்ர சென்னை ரிக்கற்றைத் திருப்பிக் குடுத்திட்டன். நீங்கள் இந்த உடம்போட பிளேன் ஏறக் கூடாது. உங்களுக்குச் சுகம் வரவேணுமெண்டு நல்லூரானுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அத்தனை நாள் உழைப்பும் ஒரு சொல்லில் போய்விட்டதே என்று.

"எனக்கொரு வருத்தமும் இல்லை, உடம்பு சுகமாத்தான் இருக்கு! அது வாத்துக்கு வைக்கிற மருந்து!"

"வாத்துக்கோ?"

"ஓம். எனக்கில்லை. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை."



"அப்ப ஏன் உங்கட குரல் ரெண்டு வருசமா இப்பிடிக் கிடக்கு?"

கார்ட்டில் இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. அது முடியும்வரை நான் அழுதுகொண்டிருந்தேன், அவள் வைக்காமல் நின்றாள்.