இறக்கத்தில் நின்ற சிவப்புக் கார்

ஐம்பது வயதில் எனக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. மலைநாட்டுப் பசறையில் ஒருவர் ஒன்றை விற்கிறார் என்றதும் மனைவியுடன் போனேன். எனக்கு எல்லாவற்றிலும் சந்தேகம். டயரைத் தட்டினேன், எண்ணெயை முகர்ந்தேன், அவர் தந்த தேநீரைக்கூட யோசித்தே குடித்தேன். பிறகு அவர் காரில் ஏறி பிரேக்கை விட்டார். கார் இறக்கத்தில் உருண்டு உறுமியதும், அதில் மயங்கி அட்வான்ஸ் பணத்தை வெளியே எடுத்துவிட்டேன்.

மனைவி கையைப் பிடித்தாள். "ஏங்க, வீட்டு முன்னால முத்தம் காலியா கெடக்கு. காரை ஏன் ரோட்டு எறக்கத்துல நிப்பாட்டியிருந்தாரு?"

"தம்பி, முத்தத்துல வச்சு ஸ்டார்ட் பண்ணுங்க," என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "அப்ப நீங்க கொஞ்சம் தள்ளணும், அண்ணே."

இப்போதெல்லாம் வண்டி பார்க்கப் போனால், முதலில் சமதரையைத் தேடுகிறேன். நம் மலையில் நல்ல வண்டியைவிட அதைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.