சிவப்புக் கோட்டுக்குச் சற்று முன்னால்

ஓசூர் தொழிற்சாலையில் எனக்கு என்ஜின் சோதிக்கும் வேலை. என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றினால் பலம் உச்சத்துக்குப் போகும், எதற்கு மேல் சரியும் என்று நாள் முழுக்க கிராஃப் பார்ப்பவன் நான். ஆனால் ஞாயிறு காலைகளில் கெலவரப்பள்ளி அணைக்குப் போகும் நேர் ரோட்டில் என்னை முந்துகிறவனோ பெயின்ட் பிரிவில் இருப்பவன். இருவரிடமும் இருப்பது ஒரே மாடல் பைக். எனக்கு வயிறு எரியும். அவன் ஒல்லி, அதனால்தான் என்று சொல்லிக்கொள்வேன். ஒரு ஞாயிறு அவன் முதுகுப் பையில் செங்கல் ஏற்றி எடையைச் சரிக்கட்டி, பைக்கையும் மாற்றி ஓட்டினோம். என் பைக்கிலேயே என்னை முந்தினான்.

நான் ஒவ்வொரு கியரிலும் என்ஜின் சுற்றைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டு என்ஜின் அலறினால்தான் மாற்றுவேன். அந்த அலறல் எனக்குப் பிடிக்கும்.

வெட்கத்தை விட்டுக் கேட்டேன். “கியர எங்க மாத்தற?”

“செகப்புக்குக் கொஞ்சம் முன்னாடியே. அதுக்கு மேல சத்தந்தான் வரும், இழுவை வராதுன்னு கேன்டீன்ல அரை மணி நேரம் நீதானப்பா சொன்ன?”

சொல்லியிருந்தேன். மேஜையில் டீயைத் தொட்டுக் கோடுகூடப் போட்டுக் காட்டியிருந்தேன். அன்று கவனித்துக் கேட்டவன் அவன் ஒருவன்தான். நான்கூடக் கேட்கவில்லை.