காயாத சுவர்

அவருக்கு ஊரில் 'ரெண்டு கோட்டு' என்று பெயர். வீடுகளுக்குப் பெயிண்ட் அடிப்பது தொழில். ஒரு கோட்டு போதும் என்று வீட்டுக்காரரே கெஞ்சினாலும் இரண்டாவது கோட்டு அடிக்காமல் ஏணியை மடக்க மாட்டார். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு குறைதான். நன்றாக அடித்த சுவரை யாரும் பார்ப்பதில்லை. திட்டு தெரிந்தால்தான் கூப்பிட்டுக் காட்டுவார்கள். தான் அடித்த சுவருக்கு முன்னால் யாராவது ஒருவர் ஒரு நிமிஷம் நின்று பார்க்க மாட்டாரா என்ற ஆசை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும், நூலக மாடியில் நடக்கும் ஆயில் பெயிண்டிங் வகுப்பில் போய்ச் சேர்ந்தார். "இவ்வளவு நாள் அடிச்சது போதாதா?" என்று கேட்டாள் மனைவி.

ஆசிரியைக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பழைய ஓவியம் ஒன்றின் அச்சுப் பிரதியைக் கொடுத்து, அப்படியே வரைந்து பழகச் சொன்னார். முந்நூறு நானூறு வருஷத்துக்கு முந்தைய, ஐரோப்பாவின் பரோக் காலத்து அறை. ஜன்னலோரம் ஒரு பெண் ஊசியில் நூல் கோர்க்கிறாள். அவளுக்குப் பின்னால் பாதிப் படத்தை அடைத்துக்கொண்டு வெறுஞ்சுவர். அதைப் பார்த்ததும் அவருக்கு வாயெல்லாம் பல்.

பெண்ணும் நாற்காலியும் தட்டுத்தடுமாறி வந்துசேர்ந்தார்கள். சுவருக்கு வந்ததும் கை தானாக ஓடியது. அச்சுப் பிரதியில் ஈரக்கறை, காரை பெயர்ந்த இடம், ஆணி பிடுங்கிய ஓட்டை எல்லாம் இருந்தன. அந்தச் சுவரை அடித்த அந்தக் காலத்து ஆள் சரியான சோம்பேறி என்று முடிவுகட்டிவிட்டு, பட்டி பார்ப்பதுபோல் ஓட்டையை அடைத்தார். மேடுபள்ளம் இல்லாமல் இழுத்தார். காய்ந்ததும் இரண்டாவது கோட்டும் கொடுத்தார்.

ஆசிரியை வெகுநேரம் பார்த்தார். "சார், இது ஆள் குடியிருக்கிற ரூம் மாதிரி இல்லை. வாடகைக்கு விடத் தயாரா இருக்கிற ரூம் மாதிரி இருக்கு."

படத்தில் சுவரை மட்டும் சுரண்டிவிட்டு, கறை படிந்த நிஜச் சுவர் ஒன்றைப் பார்த்து மறுபடி போடச் சொன்னார். அதற்கு எங்கும் அலைய வேண்டியிருக்கவில்லை. ஊரார் சுவரையெல்லாம் அடித்தவரின் சொந்தக் கூடம், மகள் பிறந்ததிலிருந்து பெயிண்டைக் கண்டதில்லை. ஜன்னலடியில் மழை இறங்கிய கறை, நாற்காலி உரசிய தடம், காலண்டர் தொங்கிய ஓட்டை. வெள்ளை என்று அவர் நினைத்திருந்த சுவர் காலையில் சாம்பலாகவும் சாயங்காலம் தேன் நிறமாகவும் இருந்தது. எதிரிலேயே தூரிகையோடு உட்கார்ந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, மகளின் மாமியார் முதல்முறையாக வீட்டுக்கு வருவதாகச் செய்தி வந்தது. அதற்குள் கூடத்தை அடித்தாக வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றாள். படம் முடியும்வரை சுவரில் யாரும் கை வைக்கக் கூடாது என்று இவர் நின்றார். அவள் தன் தம்பியை ரோலரோடு வரவழைத்தாள். இவர் சுவரை மறைத்துக் கையை விரித்தார்.

"கறைக்குக் காவல் நிக்கிற பெயிண்டரை இப்பத்தான் பாக்கறேன் மாமா" என்று அவன் ரோலரைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

சம்பந்தியம்மா வரும் நாள் காலையில்தான் படம் முடிந்தது. வேறு வழியில்லாமல் மனைவி அதையே கறைமேல் மாட்டினாள். பாதிதான் மறைந்தது; மீதிக்கு நாற்காலியை நகர்த்தினாள். படம் இன்னும் காயவில்லை என்று அவர் முணுமுணுத்தது யார் காதிலும் விழவில்லை.

சம்பந்தியம்மா காபித் தம்ளரோடு படத்தின் முன்னால் நின்றார். நூல் கோர்க்கும் பெண்ணை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காபி ஆறியது. ஒரு நிமிஷம் தாண்டிவிட்டதை ரெண்டு கோட்டு கடிகாரத்தில் பார்த்துக்கொண்டார்.

"இந்தச் சுவர் நிஜமாவே நனைஞ்சிருக்கா?" என்று கேட்டபடி சம்பந்தியம்மா படத்திலிருந்த ஆணி ஓட்டைக்குள் விரலை விடப் பார்த்தார். விரல் உள்ளே போகவில்லை. நுனியில் ஈரப் பெயிண்ட் அப்பிக்கொண்டது. மனைவிக்கு மானம் போயிற்று. துணியும் எண்ணெயுமாக ஓடினாள்.

அடுத்த வாரமே ரெண்டு கோட்டு கூடத்தை அடித்துக் கொடுத்தார், பெயருக்கேற்ப இரண்டு கோட்டு. மறுபடி படத்தை மாட்டும்போது, அதில் ஓட்டைக்குப் பக்கத்தில் பதிந்திருந்த சம்பந்தியம்மாவின் விரல் ரேகையை மனைவி காட்டினாள். இதையும் ஒரு இழுப்பு இழுத்துவிடலாமே என்றாள்.

"அது கிடக்கட்டும்" என்றார்.